வருமானச் சான்றும் வாய்மையும்

ஒரே வாரத்தில் இருவர் நம்மைத் தேடி வந்தார்கள். இருவரும் வந்தது ஒரே அட்டையைப் பற்றிப் பேசுவதற்காகவே. ஒருவர் அந்த அட்டை தமக்கு வேண்டாம் என்றார். மற்றவர் அது தமக்கு எப்படியும் வேண்டும் என்றார். வேண்டாம் என்றவருக்கு அதைப் பெறும் உரிமை இருந்தது. வேண்டும் என்றவருக்கோ அந்த உரிமை இல்லை. இவ்விரு சந்திப்புகளும் நம் உள்ளத்தில் எழுப்பிய கேள்விகளை வாசக சகோதர சகோதரிகளின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வந்தவர் ஒரு பெரியவர். நெம்மேலியை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து உணவுக் கடைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பரோட்டா மாஸ்டராக நெருப்பின் முன் நின்று உழைத்தவர். இருதயத்துக்குச் செல்லும் இரத்தக் குழாய்களில் அடைப்பு இருப்பதாகவும், அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்றும் மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கி வாருங்கள், செலவில்லாமல் முடிந்துவிடும்" என்றும் கூறியிருக்கிறார்கள். பெரியவரோ அட்டை வாங்க மறுத்துவிட்டார். காரணம் கேட்டபோது அவர் சொன்ன பதில் நம்மைத் திடுக்கிடச் செய்தது.

"ஹஜ்ரத்! இன்ஷூரன்ஸ் ஹராம் என்று நீங்கள்தானே ஜும்ஆவில் சொன்னீர்கள்? இத்தனை வருஷம் ஹலாலாய்ச் சாப்பிட்டுவிட்டு, கடைசிக் காலத்தில் ஹராமான பணத்திலா நெஞ்சைக் கிழித்துக்கொள்வது?"

இரண்டு நாள் கழித்து வந்தவர் ஓர் இளைஞர். அவருடைய இரு சகோதரர்கள் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார்கள். மாடி வைத்த வீடு, வாசலில் கார். தாயாருக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. வருமானச் சான்று கேட்டு எழுதும் மனுவோடு இணைப்பதற்கு, "இது ஏழைக் குடும்பம்" என்று ஜமாஅத் கடிதத்தாளில் ஒரு வரி எழுதித் தரவேண்டும் என்றார். நாம் தயங்குவதைக் கண்டு சிரித்துக்கொண்டே சொன்னார்: "அரசாங்கத்துப் பணம்தானே ஹஜ்ரத்! கடலில் ஒரு குடம் தண்ணீர் எடுத்தால் கடல் குறைந்தா போய்விடும்?"

ஒருவர் ஹராமுக்கு அஞ்சி ஹலாலைத் தள்ளினார். மற்றவர் ஹராம் என்ற நினைவே இல்லாமல் ஹராமை நெருங்கினார். இவ்விருவருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் ஆலிம்களாகிய நாம் அல்லவா?

அட்டை என்பது என்ன?

முதலில் விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம். தமிழகத்தில் 2009ஆம் ஆண்டு ஜூலையில், உயிர்காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்படி ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைத்தது. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. ஆண்டுக்கு ஒரு லட்சம், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம் என்று தொகை கூடியது. 2018ஆம் ஆண்டு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட பிறகு, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றாயிற்று. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு மட்டுமே என்றிருந்த வரம்பு, 2022ஆம் ஆண்டில் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

குடும்பத்தார் இதற்காக ஒரு காசும் கட்டுவதில்லை. அவர்களுக்காகச் செலுத்தவேண்டிய பிரீமியத்தை அரசே காப்பீட்டு நிறுவனத்துக்குச் செலுத்துகிறது. 2022ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அது குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 849 ரூபாய். ஏறத்தாழ 1 கோடியே 37 லட்சம் குடும்பங்கள் இதில் அடங்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குச் சென்றால் அட்டை பதிவாகிறது. தனியார் மருத்துவமனைகள் மட்டுமின்றி அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் இருக்கின்றன.

ஆகவே இதில் மூன்று தரப்பினர் உள்ளனர்: பணம் கட்டும் அரசு, பணத்தைப் பெறும் நிறுவனம், சிகிச்சை பெறும் ஏழை. இந்தப் பிரிவினையை நினைவில் இருத்திக்கொண்டு மார்க்கச் சட்டத்துக்கு வருவோம்.

இன்ஷூரன்ஸ் பற்றி உலமாக்கள்

இன்ஷூரன்ஸ் என்பது நம் இமாம்களின் காலத்தில் இல்லாத ஒன்று. ஐரோப்பிய வணிகர்கள் கப்பல் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் செய்யும் வழக்கத்தைக் கண்டு, அதனை முதன்முதலாக ஃபிக்ஹு நூலில் விரிவாக ஆராய்ந்தவர் ஹிஜ்ரி 1252இல் மறைந்த டமாஸ்கஸ் நகரத்துப் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள். அதற்குப் பின் நூற்றைம்பது ஆண்டுகள் உலமாக்களிடையே இது பேசப்பட்டது. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, குறிப்பிட்ட பிரீமியம் பெற்று நடத்தும் வணிக இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் நோக்கத்தில் நன்கொடை அடிப்படையில் அமைந்த கூட்டுறவு இன்ஷூரன்ஸ் கூடும் என்றும் தீர்மானித்தது.

வணிக இன்ஷூரன்ஸ் ஏன் கூடாது? பணம் கட்டுபவருக்கு என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும், கிடைக்குமா கிடைக்காதா என்பதே தெரியாது. இத்தகைய அறியாமையின் மீது எழும் வியாபாரத்துக்கு ஷரீஅத்தில் 'கரர்' என்று பெயர். சிறிது கட்டிப் பெரிது பெறுவதும், கட்டியதை முற்றாக இழப்பதும் சூதாட்டத்தின் சாயல். நிறுவனம் பணத்தை வட்டியில் போடுவது மற்றொரு கேடு. இவற்றைத்தான் நாம் ஜும்ஆவில் எடுத்துரைத்தோம்.

ஆனால் நம் பெரியவர் எதைக் கட்டினார்? எதைப் பணயம் வைத்தார்? யாரோடு ஒப்பந்தம் செய்தார்? ஒன்றுமே இல்லை. ஒப்பந்தம் அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது. பெரியவருக்குக் கிடைப்பது, அரசு தன் குடிமக்களில் ஏழைகளுக்கு அளிக்கும் உதவி. ஓர் ஒப்பந்தத்திலுள்ள குற்றம் அதைச் செய்தவரைச் சாரும். அதன் பயனை நன்கொடையாகப் பெறும் மூன்றாமவரை அது சாராது. கலப்படமான செல்வம் உடையவரிடமிருந்து ஒன்றைப் பெறும்போது, பெறுகின்ற அந்தப் பொருளே ஹராமானது என்று திட்டமாகத் தெரியாத வரையில், அதை ஹராம் என்று நம் ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் விலக்கவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தங்கள் இறுதி நாட்களில் ஒரு யூதரிடம் போர்க்கவசத்தை அடகு வைத்து வாற்கோதுமை வாங்கியிருந்தார்கள் என்பது நாம் அறிந்ததே. அந்த யூதரின் செல்வம் எந்தெந்த வழியில் வந்தது என்று அவர்கள் துருவவில்லை.

எனவே, வருமான வரம்புக்கு உட்பட்ட ஏழை இந்த அட்டையைப் பெறுவதும், அதைக்கொண்டு சிகிச்சை பெறுவதும் ஆகுமானதே என்பது நமது கருத்து. தாமே பணம் கட்டித் தனியார் பாலிசி எடுப்பது வேறு கேள்வி. அதை இதனோடு குழப்பலாகாது. நாம் மிம்பரில் நின்று இன்ஷூரன்ஸ் கூடாது என்று சொன்னபோது இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டோம். ஒரு பெரியவரின் உயிர் அந்த அரைகுறைச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

தவக்குலும் தன்மானமும்

பெரியவரின் மறுப்புக்கு உள்ளே இன்னும் இரண்டு காரணங்கள் இருந்தன என்பது பேசப் பேசத் தெரிந்தது. ஒன்று, "அல்லாஹ் நாடியபடி நடக்கட்டும்" என்ற எண்ணம். மற்றொன்று, "அரசாங்கத்திடம் கையேந்துவதா?" என்ற கூச்சம்.

தவக்குல் என்பது முயற்சியைக் கைவிடுவதன்று. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டுவதா, கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டே பொறுப்புச் சாட்டும்படி அண்ணலார் வழிகாட்டினார்கள். கிராமத்து அரபிகள் வந்து மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவியபோதும், செய்துகொள்ளுமாறே பணித்தார்கள். முதுமை ஒன்றைத் தவிர மற்ற நோய்களுக்கெல்லாம் இறைவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்று அறிவித்தார்கள். நோயைத் தந்தவனே மருத்துவரையும் தந்தான். அந்த மருத்துவரை அடையும் வழியையும் தந்தான். வழியை மறுப்பது தவக்குல் ஆகாது.

கூச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் ஹளரத் உமர் (ரலி) அவர்களுக்கு ஒன்றைக் கொடுத்தபோது, "என்னைவிடத் தேவையுள்ளவருக்குக் கொடுங்கள்" என்று உமர் (ரலி) விலகினார்கள். ஆசைப்படாமலும் கேட்காமலும் இருக்கும்போது வருகின்ற பொருளைப் பெற்றுக்கொள்ளும்படி பெருமானார் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பின்னாளில் அதே உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருக்கையில், ஒரு வாசலில் பிச்சை கேட்டு நின்ற முதிய யூதரைக் கண்டு, அவருடைய கையைப் பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவினார்கள். பிறகு பைத்துல்மால் பொறுப்பாளரிடம் அவரை அனுப்பி, இவரையும் இவரைப் போன்றவர்களையும் கவனிக்கும்படி கட்டளையிட்டார்கள். வாலிபத்தில் உழைப்பைப் பெற்றுக்கொண்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பது அவர்களுடைய எண்ணம். இன்றைய அரசுக் கருவூலம் அன்றைய பைத்துல்மால் அல்ல என்பது உண்மையே. எனினும் முப்பது ஆண்டு உழைத்த ஒருவர் முதுமையில் பொது நிதியிலிருந்து மருத்துவம் பெறுவது பிச்சையன்று, உரிமை என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்தவில்லையா?

இவ்வளவும் சொன்ன பிறகு பெரியவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அப்படியானால் எனக்கு யார் மனு எழுதித் தருவார்?" என்று கேட்டார். அன்று மாலையே எழுதினோம்.

சான்று என்பது சாட்சியம்

இனி அந்த இளைஞரிடம் வருவோம். அவர் கெட்டவர் அல்லர். ஐந்து வேளைத் தொழுகையாளி; தாய்க்குப் பணிவிடை செய்பவர். வீட்டில் ஒரு பொய் சொன்னால் வருந்தக் கூடியவர். ஆனால் அரசாங்க மனுவில் எழுதும் எழுத்தை அவர் பொய்யென்று எண்ணவேயில்லை. அது ஒரு 'ஃபார்மாலிட்டி' என்பது அவர் நினைப்பு. இந்நினைப்பு அவர் ஒருவருக்கு மட்டுமா உள்ளது? நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இல்லை?

"எங்கள் குடும்ப வருமானம் இவ்வளவே" என்று எழுதிக் கையெழுத்திடுவது சாட்சியம் கூறுவதாகும். அதைக் கேட்டு ஒப்பமிடும் கிராம நிர்வாக அலுவலர் அந்தச் சாட்சியத்தின் மீதே ஒப்பமிடுகிறார். பெரும் பாவங்களை எண்ணிக் கூறிவந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், சாய்ந்து அமர்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். போதும் என்று நிறுத்தமாட்டார்களா என்று தோழர்கள் ஏங்கும் அளவுக்கு எச்சரித்தார்கள். அச்சாட்சியம் நீதிமன்றக் கூண்டில் மட்டும்தான் நிகழும் என்று யார் சொன்னது?

பொய்ச் சாட்சியத்தோடு மற்றொரு குற்றமும் சேர்கிறது. அது பொதுச் சொத்தை அபகரிப்பது. கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில், நபிகளாரின் சேணத்தை இறக்கிக்கொண்டிருந்த மித்அம் என்ற ஊழியரை எங்கிருந்தோ வந்த ஓர் அம்பு தாக்கிக் கொன்றது. அவருக்குச் சுவர்க்கம் கிடைத்துவிட்டது என்று மக்கள் வாழ்த்தினார்கள். நபிகளார் அதை மறுத்தார்கள். கைபர் பொருள்கள் பங்கிடப்படும் முன் அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர்மீது நெருப்பாய் எரிந்துகொண்டிருப்பதாக ஆணையிட்டுக் கூறினார்கள். இதைக் கேட்டதும் ஒருவர் ஓடோடிச் சென்று தாம் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

சிந்தித்துப் பாருங்கள் சகோதரர்களே! நபிகளாருக்கு ஊழியம் செய்தவர். போர்க்களத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்தவர். ஒரு போர்வை அவரை விடவில்லை. அந்தப் போர்வையும் ஒரு தனி மனிதருடையதன்று, எல்லோருக்கும் பொதுவானது. "பொதுப்பணம்தானே" என்பது குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. தனி மனிதருடைய பணத்தைப் பறித்தால் அவர் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கலாம். கோடிக்கணக்கான மக்களுடைய பணத்தை எடுத்தவர் யாரிடம் சென்று மன்னிப்புக் கேட்பார்?

கடலில் ஒரு குடம்

"கடலில் ஒரு குடம் தண்ணீர் எடுத்தால் கடல் குறையுமா?" என்றார் இளைஞர். இதற்கு நம் நெம்மேலியே பதில் சொல்கிறது. நம் ஊர்க் கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்டது; நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். 2024ஆம் ஆண்டு அதன் அருகிலேயே பதினைந்து கோடி லிட்டர் ஆலையும் திறக்கப்பட்டது. கடல் அளவற்றதுதான். ஆனால் அதன் நீரை அப்படியே யாரும் குடிக்க முடியாது. மின்சாரமும் உழைப்பும் பணமும் செலவிட்டுச் சுத்தமாக்கிய பிறகு குழாயில் வரும் நீர் லிட்டர் கணக்கில் அளந்தே வருகிறது. அந்தக் குழாயில் ஒருவர் திருட்டுத்தனமாய் ஒரு கிளைக் குழாய் வைத்தால், எங்கோ ஒரு தெருவில் ஒரு தாயின் குடம் காலியாகவே திரும்பும்.

அரசின் பணமும் கடல் அல்ல, குழாய். பொய்ச் சான்றால் பெற்ற ஓர் அட்டைக்காக, குடும்பத்தில் ஒருவருக்கும் நோய் வராத ஆண்டிலும், அரசு பிரீமியம் கட்டுகிறது. நோய் வந்தால்தான் எடுக்கிறோம் என்பதல்ல. அட்டை கையில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் எடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

"எல்லோரும்தானே செய்கிறார்கள்" என்பது மற்றொரு வாதம். கியாமத் நாளில் ஒவ்வொருவரும் தனித்தனியாகவே இறைவன்முன் நிற்போம். அங்கே 'எல்லோரும்' என்று ஒருவர் இருக்கமாட்டார்.

வரம்பே அநீதி என்றால்?

இதைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு. அதை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். "ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் 10,000. கொத்தனார் வேலைக்குச் செல்பவர் மாதம் இருபது நாள் சென்றாலே அதைத் தாண்டிவிடுகிறார். அவர் செல்வந்தரா? ஐந்து லட்சம் செலவுக்கு அவர் எங்கே போவார்? வரம்பே அநீதியாக இருக்கும்போது உண்மை எழுதுவது மூடத்தனம் ஆகாதா?"

இதிலுள்ள வேதனை உண்மை. மாதம் பதினொராயிரம் சம்பாதிப்பவரும் ஏழைதான். எனினும் முதலில், கணக்கைச் சரியாகப் போட வேண்டும். நல்ல மாதத்தின் கூலியைப் பன்னிரண்டால் பெருக்குவது கணக்கன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றுபோகும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. மீனை நம்பிப் பிழைக்கும் ஏலக்காரர், வண்டிக்காரர், கருவாட்டு வியாபாரி எல்லோருக்கும் அந்நாட்களில் வரும்படி சுருங்கும். நோயில் படுத்த நாட்களும் உண்டு. ஆண்டு முழுவதையும் உண்மையாகக் கூட்டிப் பார்த்தால் வரம்புக்குள் வருவோர் பலர். அவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கட்டும். ஆனால் வெளிநாட்டிலிருந்து மாதந்தோறும் வீட்டுச் செலவுக்கு வரும் பணத்தை மறைத்துவிட்டு, "வீட்டில் சம்பாதிப்பவர் யாருமில்லை" என்று எழுதுவது கணக்கன்று, கபடம்.

அடுத்து, உண்மையாகவே வரம்பைச் சிறிது தாண்டியவர் என்ன செய்வது? பொய்யைத் தவிர வேறு கதவே இல்லாததுபோல் நாம் பேசுகிறோம். தமிழகத்து அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற வருமானச் சான்று தேவையில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை வருமான வரம்பின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம், 2021 டிசம்பரில் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. வரம்பு போதாது என்றால் அதை உயர்த்தும்படி கேட்பது நம் உரிமை. 72,000 என்பது 1,20,000 ஆனது கோரிக்கையால்தான். பொய்ச் சான்றால் அன்று. ஏழைகள் எல்லோரும் உண்மையை எழுதி, "நாங்கள் இதற்கு வெளியே நிற்கிறோம்" என்று காட்டினால்தான் வரம்பு தாழ்வானது என்பது ஆள்பவர்களுக்குத் தெரியவரும். பொய்ச் சான்றுகளோ, எல்லோரும் உள்ளே இருப்பதாகக் காட்டி, அந்த அநீதியை மூடி மறைத்துவிடுகின்றன.

ஜமாஅத்தின் கடமை

ஆனால் ஒரு நோயாளியிடம் "பொய் சொல்லாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குச் செல்லும் ஜமாஅத், தன் கடமையைச் செய்த ஜமாஅத் ஆகுமா?

அரசு கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். எங்கே கோடு போட்டாலும் அதற்கு மறுபுறத்தில் சிலர் நிற்பார்கள். அமெரிக்காவிலும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருமானத்தைப் பார்த்தே மருத்துவக் காப்பீட்டுக்கு மானியம் தருகிறார்கள். வருமானத்தைக் குறைத்து எழுதிக் கூடுதலாகப் பெற்றவர், ஆண்டு முடிவில் வரிக்கணக்கில் திருப்பிச் செலுத்தவேண்டும். 2021இல் அந்த மானியத்தைக் கூட்டினார்கள். அந்தக் கூடுதலுக்கும் 2025 முடிய என்று காலம் குறித்தே வைத்தார்கள். அரசுகளின் உதவிக்கு வரம்பும் உண்டு, தவணையும் உண்டு.

நம் ஜகாத்துக்கோ அத்தகைய ஒரே கோடு இல்லை. நம் ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் ஏழையை எப்படி வரையறுத்தார்கள்? பத்துத் தேவைப்படும் இடத்தில் இரண்டோ மூன்றோ உள்ளவர் ஃபகீர். ஏழோ எட்டோ உள்ளவர் மிஸ்கீன். அதாவது, கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. தேவைக்கு அது போதுமா என்றும் பார்த்தார்கள். மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிப்பவர் வீட்டில் மூன்று லட்சம் ரூபாய்ச் சிகிச்சை வந்து நின்றால், அவர் மிஸ்கீன். சிகிச்சைக்குக் கடன் வாங்கித் திணறினால், அவர் கடனாளி. ஜகாத் பெறும் எட்டு வகையினரில் அவரும் ஒருவர். அரசின் அட்டை கைவிடும் இடத்தில்தான் நம் ஜகாத்தின் வேலை தொடங்குகிறது. ரமளானில் வாசலில் வரிசை நிற்பவர்களுக்குப் பத்தும் இருபதுமாகப் பங்கிட்டு முடித்துவிடும் ஊர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கேட்கக் கூசுவதால் செல்வந்தர் என்று பிறர் எண்ணிவிடும் ஏழைகளைத் தேடிப் பார்க்குமாறு அல்லாஹ் 'அல்பகரா' அத்தியாயத்தில் உணர்த்துகிறான். அவர்கள் நம்மிடம் வரமாட்டார்கள். நாம்தான் செல்ல வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இளைஞர்கள் இருவர் முன்வந்தால், உரிமையுள்ளவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லலாம். உரிமையற்றுத் தவிப்பவர்களின் பெயரை இரகசியமாகப் பைத்துல்மாலுக்குச் சொல்லலாம்.

நமது பேனா

இதுவரை பிறரைப் பற்றிச் சொன்னோம். நம்மைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இக்கட்டுரையே பொய்ச் சான்றாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், வசதியுள்ள ஒருவருக்கு "ஏழைக் குடும்பம்" என்று இதே போன்ற ஒரு கடிதத்தை நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். முகத்துக்கு முன் மறுக்கத் துணிவில்லை; ஊரில் வேண்டியவர்; ஒரு வரிதானே என்ற அலட்சியம். அந்தத் தாள் எந்த அலுவலகத்தின் எந்தக் கட்டில் இருக்கிறதோ, நாம் அறியோம். ஆனால் நம் வலத்தோளிலும் இடத்தோளிலும் எழுதுகின்ற வானவர்களின் ஏட்டில் அது இருக்கிறது. அதை நினைத்தே இளைஞருக்கு எழுத மறுத்தோம். "இவர் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்" என்று மட்டும் எழுதித் தருகிறோம் என்றோம். அவர் அதை வாங்காமலேயே வருத்தத்தோடு சென்றார். இன்னும் அந்த வருத்தம் தீரவில்லை. ஸலாமுக்குப் பதில் சொல்கிறார், முகம் பார்ப்பதில்லை. அவருடைய தாயாரின் ஷிஃபாவுக்காக நாம் துஆச் செய்து வருகிறோம்.

தவறாக அட்டை பெற்றுவிட்டவர்கள் யாரேனும் இதைப் படித்தால், அவர்களுக்கும் வழி உண்டு. தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. முதலில் அந்த அட்டையைப் பயன்படுத்துவதை நிறுத்தித் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அதனால் எடுத்த தொகையைக் கணக்கிட்டு, இயன்றபோது சிறிது சிறிதாகவேனும் முதலமைச்சரின் பொது நிவாரண நிதி போன்ற பொது நிதிக்குச் சேர்ப்பிக்கலாம். அடியார்களின் உரிமை திருப்பித் தராமல் தீராது. ஹளரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்து பைத்துல்மாலிலிருந்து உரிமையோடு பெற்றதையே, மரணப் படுக்கையில் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். உரிமையின்றிப் பெற்றதை வைத்துக்கொண்டு நாம் எப்படி நிம்மதியாய்க் கண்மூடுவது?

ஆகவே, உரிமையுள்ளவர் வெட்கமின்றிப் பெறட்டும். உரிமையற்றவர் அல்லாஹ்வுக்கு அஞ்சி விலகட்டும். இடையில் தவிப்பவரை ஜமாஅத் தாங்கிப் பிடிக்கட்டும். இம்மூன்றில் எது குறைந்தாலும், குறையும் இடத்தில் பொய் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பெரியவருக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாய் முடிந்தது. இப்பொழுது சுப்ஹுத் தொழுகைக்கு மெல்ல நடந்து வருகிறார். சென்ற வாரம் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், அடுத்த ஜும்ஆவில் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்" என்றார். சொன்னோம். இங்கும் சொல்லிவிட்டோம்.

உண்மையையே பேசவும், உண்மையையே எழுதவும், பொது அமானிதத்தைப் பேணவும், நோயுற்றோரைத் தாங்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! நம் வீடுகளில் நோயுற்றிருப்போர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.